நியமனக் கடிதத்தில் ஒரு சொல்லும் மேரி நார்ட்டனும்: ஜெர்சி சிட்டிக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஹட்சன்கரையான்:
சென்ற மாதம் வேலை மாறினேன். புதிய நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் சம்பளத் தொகைக்கு நேர் கீழே ‘எக்ஸெம்ப்ட்’ என்று ஒரு சொல். விலக்கு என்றதும் வரியில் ஏதோ சலுகை என்று நினைத்து அரைமணி நேரம் மகிழ்ந்திருந்தேன். மனைவிதான் எதற்கும் கேட்டுவிடச் சொன்னாள். கேட்டேன். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டத்திலிருந்து எனக்கு விலக்காம். இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்தாலும் அதே சம்பளம்தான்.

எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டம் என்று தேடப் போனேன். 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம். குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் தடை மூன்றும் இதற்குள்தான் இருக்கின்றன. இதைப் பிரதிநிதிகள் சபையில் கரைசேர்த்தவர் மேரி தெரசா நார்ட்டன் என்ற காங்கிரஸ் பெண்மணி. அவர் எங்கள் ஊர்க்காரர்! ஜெர்சி சிட்டியில் 1875இல் பிறந்தவர். நான் ஆறு வருடமாக ஜர்னல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நூவர்க் அவென்யூவில் எந்தக் கடையில் தோசை முறுகலாக வரும் என்று தெரியும். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவரவு:
முதலில் ஒரு சின்னக் கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். காங்கிரஸ் பெண்மணி என்றால் அங்கேயும் காங்கிரஸ் கட்சி இருக்கிறதா?

ஹட்சன்கரையான்:
கட்சி இல்லை தம்பி. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர். நார்ட்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். 1924 தேர்தலில் வென்று 1925இல் உள்ளே போனார், 1951 வரை இருந்தார். தொடர்ந்து 13 முறை.

கொன்றை:
நல்ல இழை. இந்த அம்மாளைப் பற்றிப் பேச யாராவது வரமாட்டார்களா என்று பல நாள் நினைத்ததுண்டு.

அரசியலுக்கு அவர் வந்த வழியைச் சொல்கிறேன். அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பம். இளவயதிலேயே தாயை இழந்தார். வணிகக் கல்லூரியில் படித்துவிட்டுச் சுருக்கெழுத்தராகவும் செயலாளராகவும் வேலை பார்த்தார். 1909இல் திருமணம். மறு வருடம் ஆண் குழந்தை பிறந்து சில நாட்களிலேயே இறந்துவிட்டது. இனிக் குழந்தை இல்லை என்றும் ஆகிவிட்டது. துக்கத்தில் கிடந்தவர் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினார். வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். முதலில் செயலாளர், பிறகு தலைவர். காப்பகத்துக்குப் பணம் கேட்டு நகரசபையில் ஏறி இறங்கியபோதுதான் மேயர் ஃபிராங்க் ஹேக்கின் கண்ணில் பட்டார்.

1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. புதிதாக வந்த அத்தனை ஓட்டையும் கட்சிப் பக்கம் திரட்ட ஹேக்குக்கு ஒரு பெண் தேவைப்பட்டார். நார்ட்டனோ வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டவரே இல்லை, எனக்கு அரசியல் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். ஹேக் விடவில்லை. 1923இல் கவுன்டி (மாவட்ட) ஆட்சிக்குழுவில் இடம். அங்கே போன கையோடு அரசுச் செலவில் ஒரு பிரசவ மருத்துவமனை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1931இல் திறந்த அந்த மருத்துவமனைக்கு மேயரின் அம்மா பெயரை வைத்தார்கள்: மார்கரெட் ஹேக் பிரசவ மருத்துவமனை. யார் கேட்டது, யார் பெயர் வைத்தது பாருங்கள்.

அந்தக் காலத்தில் காங்கிரசுக்குள் வந்த பெண்கள் பலர் கணவர் இறந்ததால் காலியான இடத்தில் வந்தவர்கள். ஜனநாயகக் கட்சியில் அப்படியில்லாமல் வந்த முதல் பெண் இவர். ஜெயித்ததும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வீட்டுக்கு வந்து, சமைப்பதுபோலவும் துணி காயப்போடுவதுபோலவும் நிற்கச் சொன்னார்களாம். காங்கிரசில் நான் சமைக்கப் போவதும் இல்லை, துவைக்கப் போவதும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

பழங்கணக்கு:
கொன்றை அம்மா எழுதியதில் பிழை இல்லை. ஆனால் ஹேக்கை ஏதோ நற்பணி மன்றத் தலைவர்போல ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். 1917 முதல் 1947 வரை முப்பது வருடம் அந்த ஊரைக் கைக்குள் வைத்திருந்த மனிதர். மேயர் சம்பளம் ஆண்டுக்கு 8,500 டாலரைத் தாண்டியதே இல்லை. வாழ்ந்த வாழ்க்கையோ கோடீஸ்வர வாழ்க்கை. நகராட்சி ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கப்பம் கட்டவேண்டும். அவருடைய மேசையில் ஒரு இழுப்பறை எதிரே உட்காருபவர் பக்கமாகத் திறக்கும் என்பார்கள். எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் மாவட்டச் செயலாளர்கள் பார்த்தால் கும்பிடுவார்கள்.

நான் 31 வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவன். எனக்கு உறுத்துவது லஞ்சம்கூட இல்லை. 1937–38இல் சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அமைப்பாளர்கள் ஜெர்சி சிட்டியில் துண்டறிக்கை கொடுக்க வந்தால் ஹேக்கின் போலீஸ் பிடித்து ஊர் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டு வரும். கூட்டம் போட அனுமதி கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1939இல் ஹேக் தோற்றார். தெருவிலும் பூங்காவிலும் கூடிப்பேச மக்களுக்கு உரிமை உண்டு என்பதற்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். இத்தனையும் நடந்தபோது நாடாளுமன்றத்தின் தொழிலாளர் குழுத் தலைவர் யார்? அதே ஹேக் நிறுத்தி வைத்த மேரி நார்ட்டன். ஒரு நாளும் அவரை எதிர்த்துப் பகிரங்கமாகக் கிளம்பவில்லை.

ஹட்சன்கரையான், நீங்கள் தினமும் ரயில் ஏறும் ஜர்னல் சதுக்கத்தில்தான், 1938 ஏப்ரல் 30 அன்று, சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் நார்மன் தாமஸ் பேச வந்தார். போலீஸ் அவரைக் காரில் திணித்து ஊரைவிட்டே அனுப்பியது.

ஹட்சன்கரையான்:
ஐயா, இதைப் படித்துவிட்டு இன்று காலை சதுக்கத்தில் இறங்கியபோது கால் கொஞ்சம் நின்றுவிட்டது. எட்டு மணிக் கூட்டம், ஒரு பக்கம் பஸ்கள் உறுமிக்கொண்டு, ஒருவர் மைக் வைத்துக்கொண்டு வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கொன்றை:
பழங்கணக்கு ஐயா சொன்ன தேதியை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் 30. அதற்கு ஆறு நாள் கழித்து வாஷிங்டனில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வருடம் பின்னால் போகவேண்டும்.

அது பெரும் பொருளாதார மந்தகாலம். 1933இல் நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. வேலை இருந்தவனுக்கும் கூலி என்ற பெயரில் கிடைத்தது எதுவோ அதுதான் கூலி. பெண்களுக்கு இன்னும் மோசம். 1932இல் ஒரு சிக்கனச் சட்டம் கொண்டுவந்தார்கள்: கணவன் மனைவி இருவரும் மத்திய அரசு வேலையில் இருந்தால் ஆட்குறைப்பில் அவர்களுக்குத்தான் முதல் வெட்டு. வீட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று சொல்லவேண்டுமா? 1937இல்தான் அதை நீக்கினார்கள்.

1937 மே மாதம் கூலி–வேலைநேர மசோதாவை செனட்டில் ஹியூகோ பிளாக்கும் பிரதிநிதிகள் சபையில் வில்லியம் கானரியும் கொண்டுவந்தார்கள். ஜூனில் கானரி திடீரென்று இறந்துபோனார். தொழிலாளர் குழுவில் அடுத்த மூத்த உறுப்பினர் நார்ட்டன், வயது 62. மசோதா அவர் மடியில் விழுந்தது. ஜூலை 31 அன்று செனட் 56க்கு 28 என்று நிறைவேற்றிவிட்டது. பிரதிநிதிகள் சபையில்தான் சிக்கல். எந்த மசோதா எப்போது சபைக்கு வரலாம் என்று தீர்மானிக்கும் விதிகள் குழு ஒன்று உண்டு. அங்கே தென்மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்களும் குடியரசுக் கட்சிக்காரர்களும் கைகோத்து மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள். தெற்கில் கூலி குறைவு, அதிலும் கறுப்பினத் தொழிலாளிக்கு இன்னும் குறைவு. அந்தக் குறைவை நம்பித்தான் ஆலைகள் அங்கே இருந்தன.

குழுவிடமிருந்து மசோதாவைப் பிடுங்க ஒரே வழி, 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மனு. 435 பேர் கொண்ட சபையில் சரிபாதிக்கு மேல். சொந்தக் கட்சியின் குழுத் தலைவர்களைப் பகைத்துக்கொண்டு யார் கையெழுத்துப் போடுவார்கள்? டிசம்பர் தொடக்கத்தில் எப்படியோ 218 தேற்றினார். சபையில் விவாதம் வந்தது. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பே எங்களுக்கு வேறு மசோதா வேண்டும் என்று முரண்டு பிடித்தது. டிசம்பர் 17 அன்று 216க்கு 198 என்ற வாக்கில் மசோதாவைத் திரும்பக் குழுவுக்கே அனுப்பிவிட்டார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் பெரிய மசோதா ஒன்று சபைத் தளத்திலேயே தோற்றது அதுதான் முதல்முறை. தோற்கடித்ததில் அவருடைய கட்சிக்காரர்களே ஏராளம்.

வேறொருவராக இருந்தால் குழுவில் போட்டுப் பூட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். இவர் வேறு வடிவில் புது மசோதா எழுதி வாங்கினார். ஏப்ரல் கடைசியில் விதிகள் குழு மறுபடியும் கதவைச் சாத்தியது. மே 3 அன்று ஃபுளோரிடாவில் நடந்த உட்கட்சித் தேர்தலில், கூலிச் சட்டத்தை ஆதரித்துப் பேசிய செனட் உறுப்பினர் கிளாட் பெப்பர் வென்றார். தெற்கிலேயே இதைச் சொல்லி ஓட்டு வாங்கலாம் போலிருக்கிறதே என்று பலருக்கு ஞானம் வந்தது. மே 6 வெள்ளிக்கிழமை நார்ட்டன் இரண்டாவது மனுவை வைத்தார். இரண்டரை மணி நேரத்துக்குள் 218 கையெழுத்து! டிசம்பரில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. மே 24 அன்று 314க்கு 97. ஜூன் 25 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

எதிர்ப்பாட்டு:
எல்லோரும் சேர்ந்து சிலை வைக்கும் முன் நான் கொஞ்சம் கல்லெறிந்துவிட்டுப் போகிறேன்.

சட்டம் கொடுத்தது மணிக்கு 25 சென்ட். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பீக்கன் கொட்டை உடைக்கும் மெக்சிக்கோ வம்சாவளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று டாலர் வந்தால் அதிகம். அந்த 1938இலேயே தொடக்க மாதங்களில் பெரிய வேலைநிறுத்தம் செய்தவர்கள். சட்டம் வந்ததும் முதலாளிகள் கையால் உடைப்பதை நிறுத்திவிட்டு இயந்திரம் வாங்கினார்கள். சில வருடங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையே இல்லை. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோவில் தையல் பூவேலை செய்தே பிழைத்த பெண்களுக்கும் அதே கதி. கடைசியில் 1940இல் அந்தத் தீவுக்கு மட்டும் குறைந்த கூலி வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தவேண்டி வந்தது. வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு ஒரு எண்ணை எழுதினால் அது எங்கே போய் யார் தலையில் விழும் என்று எழுதியவர்களுக்குத் தெரிவதில்லை.

கொன்றை:
எதிர்ப்பாட்டு, இரண்டும் நடந்தவைதான், மறுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு டாலர் என்பதை வேலை என்று சொல்லலாமா என்ற கேள்வியும் அதனுடன் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாட்டி தீப்பெட்டி ஒட்டியவர். ஒட்டிய கூலியில் அரிசி வாங்கினால் மண்ணெண்ணெய் வாங்க முடியாது. ‘வேலை இருந்ததே’ என்று யாராவது சொன்னால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார்.

எதிர்ப்பாட்டு:
மன்னிக்கவும், பாட்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் வந்தபிறகு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பழங்கணக்கு:
எதிர்ப்பாட்டு சொல்வதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சட்டம் யாரைத் தொட்டது என்பதைவிட யாரைத் தொடவில்லை என்று பாருங்கள். பண்ணைத் தொழிலாளிகள் வெளியே. வீட்டு வேலைக்காரர்கள் வெளியே. தெற்கில் இந்த இரண்டு வேலையிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 314 ஓட்டு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவர்களைக் கழற்றிவிட்டுத்தான் வந்தது. மொத்தத் தொழிலாளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் முதலில் இந்தக் குடைக்குள் வந்தார்கள். பண்ணைக்காரர்களில் ஒரு பகுதியைச் சேர்க்க 1966 ஆனது, வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்க 1974 ஆனது.

எங்கள் சங்கத்தில் ஒப்பந்தம் பேசி முடித்ததும் தலைவர் வெளியே வந்து யார் யாருக்குக் கிடைத்தது என்று வாசிப்பார். பெயர் வராதவர்கள் பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். நானும் இரண்டு முறை வாசித்திருக்கிறேன். அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது.

புதுவரவு:
அப்படியென்றால் 25 சென்ட் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு? பெரிய தொகையா, சின்னத் தொகையா?

ஹட்சன்கரையான்:
வாரத்துக்கு 44 மணி நேரம் என்று முதல் வருட வரம்பு. 44 மணிக்கு 25 சென்ட் என்றால் 11 டாலர். கையெழுத்திடுவதற்கு முந்தின இரவு வானொலியில் பேசியபோது ரூஸ்வெல்ட் இந்த 11 டாலரைத்தான் சொன்னார். ஒரு நாளைக்கு ஆயிரம் டாலர் வருமானம் உள்ள நிர்வாகிகள், வாரம் 11 டாலர் கொடுத்தால் நாட்டின் தொழிலே அழிந்துவிடும் என்று அலறுவதை நம்பாதீர்கள் என்றார். பிறகு படிப்படியாக 40 மணி நேரத்துக்கும் 40 சென்டுக்கும் வந்தது. என்னைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கான விலக்கும் அந்த முதல் சட்டத்திலேயே இருக்கிறது. கணினிக்காரர்களைப் பின்னாளில் தனியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பண்ணைக்காரர் விலக்கும் என் விலக்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. படித்தபோது சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

கொன்றை:
வாஷிங்டன் மேயர் கதையை யாரும் சொல்லவில்லையே. நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அப்போது தலைநகர மக்களுக்கு ஓட்டு கிடையாது. ஊரின் சாக்கடை முதல் சாராயக்கடை வரை எல்லாம் காங்கிரஸ் குழு ஒன்றின் கையில். 1931 டிசம்பரில் ஜனநாயகக் கட்சி சபையைப் பிடித்ததும் நார்ட்டன் அந்தக் குழுவுக்குத் தலைவரானார். முதல் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், என் வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்குக் கீழே வேலை செய்வது இதுதான் முதல்முறை என்றாராம். ஆண்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது எனக்கும் முதல்முறைதான், நன்றாகத்தான் இருக்கிறது என்று இவர் பதில் சொன்னார். வாஷிங்டனின் மேயர் என்றே பத்திரிகைகள் பெயர் வைத்துவிட்டன. காசநோய் மருத்துவமனைக்கு மத்திய அரசின் பொதுப்பணி நிதியை வாங்கினார், தலைநகரின் முதியோருக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தார், மதுவிலக்கு போனபிறகு மது விற்பனையை முறைப்படுத்தினார். குத்துச்சண்டையைச் சட்டபூர்வமாக்கியதும் இவர்தான்! ஓட்டே இல்லாத ஊருக்கு இத்தனை செய்ததில் தேர்தல் லாபம் ஒரு காசு கிடையாது. ஹேக்குக்கும் இதில் என்ன கிடைத்தது, பழங்கணக்கு ஐயா?

ஒருமுறை சபையில் ஒருவர், ‘சீமாட்டிக்கு’ என் நேரத்தை விட்டுத்தருகிறேன் என்றார். நான் சீமாட்டி இல்லை, காங்கிரஸ் உறுப்பினர், அந்த முறையிலேயே பேசப்போகிறேன் என்று தொடங்கினாராம்.

பழங்கணக்கு:
அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, பதில் என்னிடம் இல்லை. அந்தப் பக்கம் நான் அதிகம் படிக்கவில்லை. ஆனாலும் ஏப்ரல் 30க்கும் மே 6க்கும் நடுவே உள்ள அந்த ஆறு நாள் எனக்குச் செரிக்கவில்லை. சொந்த ஊரில் தொழிலாளிகளுக்காகப் பேச வந்தவரைக் காரில் அள்ளிப் போடுகிறார்கள், அதே வாரம் இவர் தொழிலாளிகளுக்காக 218 கையெழுத்து வாங்குகிறார். அன்று அவர் வாயைத் திறந்திருந்தால்?

கொன்றை:
திறந்திருந்தால் அடுத்த தேர்தலில் ஹேக் வேறு ஆளை நிறுத்தியிருப்பார். மே 6 அன்று மனு அந்த மேசையில் இருந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை. வேறு யாராவது வைத்திருக்கலாம், வைக்காமலும் போயிருக்கலாம். எனக்கு அவர்மேல் குறையே இல்லை என்றும் நினைக்காதீர்கள். கருத்தடைத் தகவலைச் சட்டபூர்வமாக்கும் மசோதா 1931இல் வந்தபோது கடுமையாக எதிர்த்தவர். காப்பகத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஏழைத் தாய்மாரைப் பார்த்தவர் அதை எதிர்த்தார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியல் சட்டத்தில் எழுதும் சம உரிமைத் திருத்தத்தையும் எதிர்த்தார்; பெண் தொழிலாளர்களுக்கென்று இருந்த பாதுகாப்புச் சட்டங்கள் போய்விடும் என்று பயந்தார். அதையாவது புரிந்துகொள்ள முடிகிறது.

எதிர்ப்பாட்டு:
பழங்கணக்கு ஐயாவும் நானும் ஒரே பக்கம் நிற்கும் நாள் வரும் என்று நினைக்கவே இல்லை.

பழங்கணக்கு:
தம்பி, நான் உங்கள் பக்கம் இல்லை. சட்டம் போதவில்லை என்பது என் வழக்கு, சட்டமே வேண்டாம் என்பது உங்கள் வழக்கு. உச்ச நீதிமன்றம் 1941இல் இந்தச் சட்டம் செல்லும் என்று ஒருமனதாகச் சொன்னபோது, குழந்தை உழைப்பைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்ற 1918ஆம் வருடத் தீர்ப்பும் சேர்ந்து போனது. அதற்கு முன்னால் ஆலைக்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அந்த ஒன்றுக்காக நார்ட்டன் அம்மாளுக்கு நான் எழுந்து நிற்பேன். ஹேக் விஷயத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

ஹட்சன்கரையான்:
ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும், அந்த மார்கரெட் ஹேக் பிரசவ மருத்துவமனை இருந்த பழைய மருத்துவமனை வளாகத்துக்கு நடந்து போனோம். வளாகத்தின் அஸ்திவாரத்திலும் மந்தகாலத்து மத்திய அரசுப் பணம் இருக்கிறது. 1936 அக்டோபரில் ரூஸ்வெல்ட்டே வந்து விழா நடத்தியிருக்கிறார். இப்போது அந்தக் கோபுரங்கள் அடுக்குமாடி வீடுகள். மேலே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். வாயிலில் நின்ற காவலாளியிடம் மேரி நார்ட்டன் என்று கேட்டேன். எந்த வீட்டு எண் என்று திருப்பிக் கேட்டார். பாவம், அவருக்கு மாலை ஷிஃப்ட் முடியும் நேரம். எங்களை அனுப்பிவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, வருகைத்தாளில் மணியைக் கவனமாக எழுதிக்கொண்டார். அவருக்கு விலக்கு இல்லை.